சோயா முனையிலிருந்து சாத்தா முனை வரை: ஒரு நெடும் சைக்கிள் பாதையைத் திட்டமிடுதல்

ஹொக்கைடோ தீவின் வடக்கு நுனியில் இருக்கிறது சோயா முனை. வானம் தெளிவாக இருக்கும் நாளில் அங்கிருந்து ரஷ்யாவின் சகாலின் தீவு தெரியும். நடுவே 43 கி.மீ. கடல். கியூஷூ தீவின் தெற்கு நுனியில் இருக்கிறது சாத்தா முனை. ஹொக்கைடோ, ஹொன்ஷூ, ஷிகோக்கு, கியூஷூ என்ற ஜப்பானின் நான்கு பெரிய தீவுகளையும் நீளவாக்கில் எடுத்துக்கொண்டால் இவைதாம் இரு கோடிகள். நேர்கோட்டில் அளந்தால் சுமார் 1,900 கி.மீ. சாலை வழியாக எவ்வளவு சுருக்கினாலும் 2,600 கி.மீ.க்குக் குறையாது. ஆலன் பூத் என்ற ஆங்கிலேயர் 1977-ல் வடக்கிலிருந்து தெற்கே 128 நாட்களில் இதை நடந்தே முடித்தார். அந்த நடை 1985-ல் நூலாக வந்தது. இன்று ஜப்பானியரும் வெளிநாட்டினரும் இதே இரு முனைகளுக்கு நடுவே சைக்கிளில் போகிறார்கள்.

அயல்நாடு ஒன்றில் நெடுந்தூரச் சைக்கிள் பயணத்தை எப்படித் திட்டமிடுவது என்ற கேள்வியை ஆராய இதைவிடப் பொருத்தமான பாதை எனக்குத் தெரியவில்லை. மழை, புயல், மலை, சுரங்கம், கடல், சட்டம், சாப்பாடு, விசா என்று பயணிக்கு எதிர்ப்படக்கூடிய எல்லாமே இந்த ஒரே பாதையில் இருக்கின்றன. பெரும்பாலோர் வரைபடத்தில் தொடங்குகிறார்கள். பார்க்க ஆசைப்படும் ஊர்களைக் குறித்து, அவற்றைக் கோட்டால் இணைத்து, தூரத்தை நாட்களால் வகுத்து, கடைசியில் விடுப்பு கிடைக்கிற மாதத்தில் விமானச் சீட்டு வாங்குகிறார்கள். இந்த வரிசை தலைகீழானது என்பதே என் வாதம். மாதத்தை முதலில் முடிவு செய்ய வேண்டும். அடுத்தது திசை. சாலை அதற்கும் பிறகுதான்.

ஜப்பானில் பருவங்கள் நாடு முழுவதும் ஒரே நாளில் மாறுவதில்லை. தெற்கு வடக்காக நகர்கின்றன. ‘சுயு’ என்று அவர்கள் சொல்லும் மழைக்காலம் ஜூன் தொடக்கத்தில் கியூஷூவை அடைகிறது. அங்கிருந்து மெல்ல வடக்கே ஏறி, ஜூலை இறுதியில் ஹொன்ஷூவின் வடபகுதியை விட்டு விலகுகிறது. ஹொக்கைடோவுக்கு அந்த மழைக்காலமே கிடையாது. மழை விட்டதும் வருவது புழுக்கம். ஆகஸ்டில் தெற்கே காகோஷிமாவின் சராசரி வெப்பம் 29 டிகிரியை ஒட்டி இருக்கும். அதே மாதத்தில் சோயா முனைக்கு அருகிலுள்ள வக்கநாய் நகரத்தில் 20 டிகிரிதான். ஆகஸ்டும் செப்டம்பரும் சூறாவளிகள் அதிகம் கரை தொடும் மாதங்கள். வடக்கே, ஹொக்கைடோவின் மலைக் கணவாய்களில் மே மாதத்திலும் பனி கிடக்கும்.

இந்த அட்டவணையை வைத்துப் பார்த்தால் முழு நீளத்துக்கும் ஏற்ற சாளரங்கள் இரண்டே இரண்டு. ஒன்று, மார்ச் இறுதியில் சாத்தா முனையில் தொடங்கி, செர்ரி மலர்ச்சியோடு சேர்ந்து வடக்கே போவது. மலர்கள் மார்ச் இறுதியில் கியூஷூவிலும், ஏப்ரல் இறுதியில் வட ஹொன்ஷூவிலும், மே தொடக்கத்தில் ஹொக்கைடோவிலும் விரிகின்றன. நாள்தோறும் பகல் நீண்டுகொண்டே போகும் என்பது கூடுதல் வசதி. ஆனால் மலர்ச்சிக் காலத்தில் அறை வாடகை ஏறிவிடுகிறது. ஏப்ரல் இறுதியிலிருந்து மே 5 வரை தொடர் விடுமுறை. நாடே பயணத்தில் இருக்கும், இடம் கிடைப்பது அரிது. பாதையின் முடிவில் குளிரும் காத்திருக்கும்.

மற்றொன்று, செப்டம்பர் முதல் வாரத்தில் சோயா முனையில் தொடங்கித் தெற்கே இறங்குவது. இலைகள் நிறம் மாறும் பருவமும் இதே திசையில்தான் இறங்கி வருகிறது. ஹொக்கைடோவின் தைசெத்சு மலைகளில் செப்டம்பரிலேயே சிவந்துவிடும் இலைகள் கியோத்தோவில் நவம்பர் இறுதியில்தான் உச்சத்தை எட்டும். சூறாவளி தென்பகுதியைத் தாக்கும் வாரங்களில் நீங்கள் வடக்கே இருப்பீர்கள். நீங்கள் தெற்கே வரும்போது சூறாவளிகளின் எண்ணிக்கை குறைந்திருக்கும். முழுப் பாதுகாப்பு என்று இதைச் சொல்லிவிட முடியாது. 2019 அக்டோபர் 12 அன்று கரையேறிய ஹகிபிஸ் சூறாவளி கிழக்கு ஜப்பானின் ஆறுகளைக் கரையுடைய வைத்தது. இருந்தும் இரண்டையும் எடைபோட்டால் இலையுதிர் காலத்துக்கே என் வாக்கு. வெயிலும் இல்லை, பனியும் இல்லை, விடுதிகளில் நெருக்கடியும் குறைவு.

இதற்கு ஒரு விலை உண்டு: வெளிச்சம். ஜப்பான் முழுவதற்கும் ஒரே நேரம்தான். அதனால் கடிகாரப்படி பொழுது சீக்கிரம் புலர்ந்து சீக்கிரம் சாய்கிறது. ஜூனில் ஹொக்கைடோவில் நான்கு மணிக்கு முன்பே சூரியன் எழுந்துவிடும். அக்டோபர் இறுதியில் தோக்கியோவில் ஐந்து மணிக்குள் மறைந்துவிடும். விடியலில் கிளம்பி மூன்று மணிக்குள் தங்குமிடம் சேர்வது என்ற ஒழுங்கை முதல் நாளிலிருந்தே பழகிக்கொள்ள வேண்டும்.

திசை குறித்து இன்னொரு நுணுக்கம். நம்மைப் போலவே ஜப்பானியரும் சாலையின் இடப்பக்கம் போகிறவர்கள். இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ போகிறவருக்கு இது பெரிய ஆறுதல். கண்ணும் கையும் புதிதாக எதையும் பழக வேண்டியதில்லை. ஆனால் கடற்கரைச் சாலையில் எந்தத் திசையில் போனால் கடல் நம் பக்கம் வரும் என்பதை இதுவே தீர்மானிக்கிறது. பிவா ஏரியைச் சுற்றும் சுமார் 200 கி.மீ. பாதையை இடஞ்சுழியாகச் சுற்றச் சொல்வது இதனால்தான். அப்போது ஏரி எப்போதும் இடக்கைப் பக்கம் இருக்கும், குறுக்கே வரும் சந்துகளும் குறைவு. ஜப்பான் கடலோரமாகத் தெற்கே இறங்குகிறவருக்குக் கடல் எதிர்ப்பக்கம் போய்விடும். இது இழப்புதான். பருவத்துக்காக இந்த இழப்பை ஏற்கலாம்.

இனி நாட்கணக்கு. தூரத்தை மட்டும் வைத்து நாளை எண்ணுவதுபோல் ஏமாற்றம் தருவது வேறில்லை. ஜப்பானின் நிலத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு மலையும் குன்றும். ஆளும் சைக்கிளும் சுமையும் சேர்ந்து 100 கிலோ என்று வையுங்கள். அந்த எடையை 1,000 மீட்டர் உயர்த்த ஏறத்தாழ 9,80,000 ஜூல் ஆற்றல் வேண்டும். நாள் முழுக்க மிதிக்கக்கூடிய சாதாரண உடல் சுமார் 100 வாட் தரும். ஆக, தூக்கும் வேலைக்கு மட்டுமே இரண்டே முக்கால் மணி நேரம். அதே நேரத்தில் சமதளத்தில் 45 கி.மீ. போயிருக்கலாம். இறக்கத்தில் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும் என்றாலும், வளைவுகளில் பிரேக் பிடித்தே அதில் பாதி போய்விடும். எனவே ஒவ்வொரு நாளுக்கும் தூரத்தோடு மொத்த ஏற்றத்தையும் எழுதிவையுங்கள். ஜப்பானின் நிலவியல் தகவல் ஆணையம் 1:25,000 அளவிலான உயரக்கோட்டு வரைபடங்களை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. சைக்கிள் பாதைச் செயலிகளும் ஏற்றத்தைக் கூட்டிச் சொல்லும். ஆனால் சாலை சுரங்கத்துக்குள் போகும் இடத்தில் மேலே உள்ள மலையின் உயரத்தையும் சேர்த்துவிடும் செயலிகள் உண்டு என்பதால் சந்தேகம் வந்தால் வரைபடத்தில் சரிபார்க்க வேண்டும்.

பாதை சுமார் 2,800 கி.மீ. வரும் என்று கொள்வோம். நாளுக்கு 75 கி.மீ. என்றால் 37 அல்லது 38 நாள். ஆறு நாளுக்கு ஒரு நாள் ஓய்வு என்றால் இன்னும் ஆறு. மழைக்கும் புயலுக்கும் ஐந்து. பழுதுக்கும் காய்ச்சலுக்கும் இரண்டு. ஆக 50 நாள். இந்தக் கணக்கில் பலரும் முதலில் வெட்டுவது ஓய்வையும் மழையையும்தான். வெட்டவே கூடாதவை அவை. புயல் எச்சரிக்கை வந்த நாளில், விமானத்தைப் பிடிக்க வேண்டும் என்ற பதற்றத்தில் சாலையில் இறங்குகிறவர் உயிரைப் பணயம் வைக்கிறார்.

இப்போது சாலைக்கு வரலாம். ஹொக்கைடோவின் மேற்குக் கரைச் சாலை தெற்கே ஒத்தாரு வரை 300 கி.மீ.க்கு மேல் கடலை ஒட்டியே ஓடுகிறது. தொடக்கத்தில், வக்கநாயிலிருந்து தெஷியோ வரை, சமதளம், புல்வெளி, கடலுக்கு அப்பால் 1,721 மீட்டர் உயரமுள்ள ரிஷிரி எரிமலை. அழகுக்கு இணையில்லை. ஆனால் ஏறக்குறைய 70 கி.மீ.க்குக் கடை என்று சொல்லத்தக்கது கிட்டத்தட்ட இல்லை. ஒதுங்க மரமும் இல்லை. எதிர்காற்று பிடித்துக்கொண்டால் வேகம் பாதியாகும். தண்ணீரும் ஒரு நாள் உணவும் கையில் வேண்டும்.

ஒத்தாருவுக்குத் தெற்கே கடலோரமாகவே போனால் 229-ம் எண் தேசியச் சாலை. செங்குத்துப் பாறைகள் கடலில் இறங்கும் கரை என்பதால் சுரங்கத்துக்குப் பின் சுரங்கம். 1996 பிப்ரவரி 10 அன்று இதே சாலையின் தொயோஹாமா சுரங்க வாயிலில் பாறை சரிந்து, பேருந்திலும் காரிலும் இருந்த 20 பேர் இறந்தனர். அதன் பிறகு சாலை பெருமளவு மாற்றி அமைக்கப்பட்டது. புதிய சுரங்கங்கள் நீளமானவை. இங்கே உள்நாட்டுப் பக்கம் திரும்பி, நிசேக்கோ, தோயா ஏரி வழியாக ஹாக்கோதாத்தே போவதே மேல். ஏற்றம் கூடும், லாரிப் புகையும் இரைச்சலும் குறையும்.

ஹொக்கைடோவையும் ஹொன்ஷூவையும் இணைக்கும் செய்கான் சுரங்கம் 53.85 கி.மீ. நீளம், 1988-ல் திறக்கப்பட்டது, ரயிலுக்கு மட்டுமே. சைக்கிளுக்குக் கப்பல்தான். ஹாக்கோதாத்தேயிலிருந்து அவோமோரிக்கு மூன்றே முக்கால் மணி நேரத்துக்குள். ஓமா முனைக்கு ஒன்றரை மணி நேரம்.

ஹொன்ஷூவில்தான் முழுப் பயணத்தின் பெரிய தேர்வு இருக்கிறது: எந்தக் கரை? பசிபிக் கரையில் தோக்கியோ, நகோயா, ஒசாகா என்று மக்கள் நெருக்கம் மிகுந்த பட்டை. நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு ஊர் முடியாது. ஒவ்வொரு சில நூறு மீட்டருக்கும் ஒரு சிக்னல். ஆனால் அதன் வடபகுதியான சன்ரிக்கு கரையை அப்படி ஒதுக்கிவிட முடியாது. 2011 சுனாமிக்குப் பிறகு செண்டாயிலிருந்து ஹாச்சினோஹே வரை சுமார் 360 கி.மீ. நீளமுள்ள வாகனச் சாலையின் மிச்சப் பகுதிகள் போடப்பட்டு, 2021 இறுதியில் முழுமையாகத் திறக்கப்பட்டது. லாரிகள் அதற்குப் போய்விட்டதால், சைக்கிளுக்கு அனுமதி உள்ள பழைய 45-ம் எண் சாலை இப்போது அமைதியாக இருக்கிறது. ஒவ்வொரு விரிகுடாவுக்கும் இறங்கி ஏற வேண்டியிருப்பதால் கால் வலிக்கும். இழந்த ஊர்களும் எழுந்த சுவர்களும் வழியெங்கும் தெரியும். செண்டாய் வரை அந்த வழியே வந்து, பிறகு மலையைக் கடந்து மேற்குக்குப் போவது சிறந்த மாற்று வழி. மகாகவி பாஷோ 1689-ல் வடநாட்டுப் பயணம் போனபோது அவரும் பசிபிக் பக்கமாக ஏறி, மலை கடந்து, ஜப்பான் கடலோரமாகத்தான் இறங்கினார்.

எளிய வழி, அவோமோரியிலிருந்தே ஜப்பான் கடலோரம். அகித்தா, சகாத்தா, நீகாத்தா, தொயாமா, கனசாவா, சுருகா. ஊர்கள் ஒரு நாள் தூரத்துக்குள் இருக்கின்றன. நெல்வயல் சமவெளிகள் நடுவே வருகின்றன. இந்தக் கரையில் ஒரே மாவட்டத்துக்குள் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு துண்டுகள் பாதைத் தேர்வைப் பற்றி ஒரு நூல் அளவு சொல்லிவிடும். ஜோயெத்சுவுக்கும் இத்தொய்காவாவுக்கும் நடுவே 32 கி.மீ. நீளத்துக்குப் பழைய ரயில் தடத்தையே சைக்கிள் பாதையாக்கியிருக்கிறார்கள். செங்கல் சுரங்கங்களுக்குள் வண்டி பயம் இல்லாமல், கடலைப் பார்த்தபடி போகலாம். இத்தொய்காவாவைத் தாண்டியதும் ஒயாஷிராசு பாறைக்கரை. அங்கே 8-ம் எண் தேசியச் சாலை பாறை விழாமல் தடுக்கும் கூரைகளுக்குள் குறுகி வளைகிறது; ஓரம் என்று ஒன்று கிடையாது; கனரக லாரிகள் தொடர்ந்து வரும். தனியாகச் செல்பவர் இந்தத் துண்டை ரயிலில் தாண்டுவதே அறிவுடைமை. முழுத் தூரத்தையும் மிதித்தேன் என்ற பெருமைக்கு இவ்வளவு விலை தர வேண்டியதில்லை.

ஜப்பானியச் சாலையில் உண்மையான ஆபத்து சுரங்கங்களில்தான். அதிவேகச் சாலைகளிலும் வாகனங்களுக்கு மட்டுமான சாலைகளிலும் சைக்கிளுக்கு இடமில்லை. நீலப் பலகையில் கார் படம் கண்டால் திரும்பிவிட வேண்டும். மற்ற தேசியச் சாலைகளின் சுரங்கங்களில் போகலாம், ஆனால் பழைய சுரங்கங்கள் இருண்டவை, ஒடுங்கியவை, நடைமேடை இருந்தாலும் ஒரு முழ அகலம்தான். வீட்டில் உட்கார்ந்தே செய்யக்கூடிய ஒரு வேலை உண்டு. பாதையில் வரும் ஒவ்வொரு நீண்ட சுரங்கத்தின் வாயிலையும் தெருக்காட்சிப் படத்தில் பாருங்கள்: நடைமேடை இருக்கிறதா, விளக்கு இருக்கிறதா, பக்கத்தில் மலைமேல் ஏறும் பழைய சாலை பிரிகிறதா? புதிய சுரங்கம் வந்த இடங்களில் பழைய சாலை பல நேரம் மலைமேல் அப்படியே கிடக்கிறது. திறந்திருந்தால் அதுவே நமக்கான சாலை. பின்விளக்கு இரண்டு வேண்டும், ஒன்று அணைந்தாலும் மற்றொன்று எரிய. திட்டமிடும் பல மணி நேரத்தில் மிகப் பயனுள்ளது இந்தச் சுரங்கத் தேடல் என்றே சொல்வேன்.

நில அதிர்வும் சாலையை மாற்றும். 2024 ஜனவரி 1 அன்று ஜப்பான் கடலோரத்து நோத்தோ தீபகற்பத்தைத் தாக்கிய 7.6 அளவு நிலநடுக்கம் கரையையே உயர்த்தி, சாலைகளைப் பிளந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் பெருமழை மறுபடி சேதப்படுத்தியது. பழைய பயணக் குறிப்புகள் புகழும் நோத்தோ சுற்றை அப்படியே நகலெடுக்கக் கூடாது. மாவட்ட நிர்வாகத்தின் சாலை நிலவரத்தைப் புறப்படும் வாரத்தில் பார்க்க வேண்டும்.

சுருகாவிலிருந்து மேற்கே மட்சுவே வரை கடலோரம் போய், அங்கே சுமார் 190 கி.மீ. மலைப்பாதையில் ஒனோமிச்சிக்கு இறங்கினால், நாட்டின் மிக நேர்த்தியான சைக்கிள் பாதை தொடங்குகிறது. ஷிமனாமி கைதோ: ஆறு தீவுகளைத் தாண்டி ஷிகோக்குவின் இமாபாரி வரை சுமார் 70 கி.மீ.; பாலங்கள் வரிசை 1999-ல் முழுமையடைந்தது. சாலையோரம் நீலக்கோடு வழிகாட்டும். பாலங்களுக்கு ஏறும் சரிவு நூற்றுக்கு மூன்று என்ற அளவில் மென்மையாக அமைக்கப்பட்டிருக்கிறது. ஹொன்ஷூவையும் ஷிகோக்குவையும் மூன்று பாலத் தொடர்கள் இணைக்கின்றன. சைக்கிளில் கடக்கக்கூடியது இது ஒன்றே. ஒரு நாளில் முடித்துவிடலாம் என்பார்கள். இரண்டு நாள் கொடுங்கள்; தீவுகளின் உட்சாலைகளுக்கு அந்த மரியாதை தகும்.

இமாபாரியிலிருந்து மட்சுயாமா, பிறகு விரல்போல் நீண்ட சாதாமிசாகி தீபகற்பம். அதன் நுனிக்கு அருகிலுள்ள மிசாகியிலிருந்து 70 நிமிடக் கப்பலில் கியூஷூவின் சாகானோசெகி. ஷிகோக்குவைத் தவிர்க்கிறவருக்கு வேறொரு வழி: ஷிமோனோசெகியில் கடலுக்கு அடியில் 780 மீட்டர் நடைச்சுரங்கம். 1958-ல் திறந்தது. மின்தூக்கியில் இறங்கி, 20 யென் கட்டி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே கியூஷூ சேரலாம். கியூஷூவில் அசோ எரிமலையின் அகன்ற கிண்ணத்தைக் கடந்து காகோஷிமா, 15 நிமிடக் கப்பலில் சகுராஜிமா, அதன் பின் ஒசுமி தீபகற்பம், சாத்தா முனை. சகுராஜிமா அடிக்கடி சாம்பல் உமிழும். கண்ணாடியும் முகமூடியும் எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

சட்டம் அண்மையில் கடுமையாகியிருக்கிறது. 2023 ஏப்ரல் முதல் எல்லா வயதினரும் தலைக்கவசம் அணிய முயல வேண்டும் என்கிறது சட்டம். 2024 நவம்பர் முதல் ஓட்டும்போது கைபேசியைக் கையில் பிடித்தால் ஆறு மாதம் வரை சிறை அல்லது ஒரு லட்சம் யென் வரை அபராதம். 2026 ஏப்ரல் முதல் பதினாறு வயது நிரம்பிய சைக்கிளோட்டிகளுக்குச் சிறு மீறல்களுக்கும் உடனடி அபராதம். வழிகாட்டும் கைபேசியைக் கைப்பிடியில் பொருத்தி, நின்று பார்த்துப் போகும் வழக்கம் நல்லது.

தங்குமிடம் வடக்கிலும் தெற்கிலும் ஒன்றல்ல. ஹொக்கைடோவில் ஊராட்சிகள் நடத்தும் கூடாரத் திடல்கள் மிக மலிவு, சில இலவசம். ஆனால் பல செப்டம்பர் இறுதியோடு மூடிவிடும். செப்டம்பர் தொடக்கத்தில் வடக்கே தொடங்கச் சொல்வதற்கு இதுவும் காரணம். 1993-ல் தொடங்கி இன்று 1,200-க்கும் மேல் பெருகியிருக்கும் சாலையோர நிலையங்களில் கழிப்பறை, தண்ணீர், உள்ளூர்க் காய்கறி எல்லாம் கிடைக்கும். ஓய்வுக்கான அந்த இடங்களில் கூடாரம் அடிப்பது முறையன்று. கரடியை மறக்க வேண்டாம்: ஹொக்கைடோவில் பழுப்புக் கரடி, ஹொன்ஷூவில் கருங்கரடி. அகித்தா, இவாத்தே பகுதிகளில் அண்மை ஆண்டுகளில் தாக்குதல்கள் கூடியிருக்கின்றன. உணவைக் கூடாரத்துக்குள் வைக்கக் கூடாது. மலைச்சாலையில் மணி ஒலிக்க வேண்டும். கியூஷூவில் கரடி அற்றுப்போய்விட்டது.

சைவ உணவுக்காரருக்கு ஒரு செய்தி. சூப்பிலும் நூடுல்ஸ் குழம்பிலும் சாதாரணக் காய்க்கூட்டிலும்கூட மீன் வடித்த சாறு கலந்திருக்கும். இறைச்சி இல்லை என்று கடைக்காரர் நேர்மையாகச் சொன்னாலும் அது இருக்கும். சோறு, தோஃபு, வாழைப்பழம், ரொட்டி, வேர்க்கடலை எங்கும் கிடைக்கும். சிறிய அடுப்பும் ஒரு பொட்டலம் சாம்பார்ப்பொடியும் கொண்டுபோகிறவர் தெம்பாக மிதிப்பார். எரிவாயுக் குப்பியை விமானத்தில் கொண்டுபோக முடியாது. அங்கே வாங்க வேண்டும்.

ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு விலகல் வழியைத் திட்டத்திலேயே குறித்துவையுங்கள். சைக்கிளைக் கழற்றிப் பைக்குள் முழுதாக மூடினால் பெரும்பாலான ரயில்களில் கூடுதல் கட்டணம் இல்லாமல் ஏற்றலாம். நீள அகல உயரக் கூட்டுத்தொகை 250 செ.மீ.க்குள், எடை 30 கிலோவுக்குள் இருக்க வேண்டும். ஒத்தாருவிலிருந்து நீகாத்தாவுக்கும் மைசுருவுக்கும் போகும் கப்பல்கள் ஒரு நாளுக்குள் பல நாள் தூரத்தைத் தாண்ட உதவும்.

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர் விசா கேட்கும்போது ஒவ்வொரு நாளும் எங்கே தங்குவார் என்ற அட்டவணையைத் தர வேண்டும். பலர் இதைச் சடங்காக நினைத்து ஏதோ ஊர்ப்பெயர்களை நிரப்புகிறார்கள். மாதம், திசை, ஏற்றம், சுரங்கம், ஓய்வு நாள் எல்லாவற்றையும் எடைபோட்டு அந்தத் தாளை நேர்மையாக எழுதுங்கள். பயணத்தின் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். ஐம்பது நாள் கிடைக்காதவர் இதே 2,800 கி.மீ. தூரத்தை முப்பது நாளுக்குள் திணிக்க வேண்டாம். இரண்டு வாரம்தான் விடுப்பு என்றால் அக்டோபர் நடுவில் ஒனோமிச்சியில் தொடங்கி, தீவுகள், ஷிகோக்கு, அசோ வழியாகச் சாத்தா முனையில் முடியுங்கள். சுமார் 700 கி.மீ. வரும், ஓய்வுக்கும் மழைக்கும் நாள் மிஞ்சும்.